கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்

சவுரியம்மாளுக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். யோசனை அப்புறம்தான் வந்து சேரும். 1981-ம் வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, "எம் பொண்ணை இனிமே உங்கிட்ட உடமாட்டேன்யா. நானே படிக்க வெச்சிக் காட்டறேன், பாத்துக்கினே இரு" என்று வாத்தியாரைப் பார்த்துக் கத்தியது அந்த வாய்தான். கத்தியவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் நடவுக்குப் போனவள்.

கத்தியதில் தப்பில்லை. அவள் மகள் பிலோமினாவுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையில் காலனிப் பிள்ளைகள் தாங்களாக மொள்ளக் கூடாது. ஊர்ப் பிள்ளை யாராவது மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். எந்தச் சட்டத்திலும் எழுதாத இந்த விதியை அந்த வாத்தியார் பாடத்தைவிடக் கவனமாகக் காப்பாற்றி வந்தார். அன்றைக்கு ஊற்றுவதற்கு யாரும் இல்லை. தாகம் தாங்காமல் பிலோமினா தானே மொண்டு குடித்துவிட்டாள். வாத்தியார் அவள் எதிரிலேயே பானையைக் கவிழ்த்துவிட்டு, முட்டியில் பிரம்பால் அடித்து, மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்தினார். வீட்டுக்கு வந்த பிள்ளை அழவில்லை, பேசவும் இல்லை. அன்றிலிருந்து யாராவது பலகையைக் கையில் எடுத்தாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பெற்றவள் இதற்குக் கத்தாமல் வேறு எதற்குக் கத்துவாள்?

ஆனால் கத்துவது ஒரு நிமிஷ வேலை. படிக்க வைப்பது அப்படி இல்லை.

"இன்னாம்மே பண்ணி வெச்சிட்டு வந்துக்கிற?" என்றான் அவள் புருஷன் சூசை. திண்டிவனத்தில் வீடு கட்டும் இடங்களில் கொத்து வேலை செய்கிறவன். பேச்சு குறைவு. "இப்போ பொண்ணு எங்க போவும்?"

"எங்கயும் போவாது. ஊட்லயே படிக்கும். நான் சொல்லித் தரேன்."

"நீயா?"

"ஏன்யா, எனக்கு எழுத்து தெரியாதா?"

சூசைக்கு எழுத்து தெரியாது. அதனால் அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

திண்டிவனத்துக்கு நாலு மைல் தள்ளி இருந்தது அவர்கள் காலனி. சவுரியம்மாளுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர் மல்லாட்டை. காலையில் மண்டியில் காய் புடைத்துவிட்டு, மத்தியானத்துக்குமேல் விதைக்காய் ஒரு மூட்டை வீட்டுக்குத் தூக்கி வருவாள். விதைக்கு வேண்டிய பருப்பை மிஷினில் போட்டால் தோல் கிழிந்துவிடும், முளைக்காது. அதைக் கையால்தான் உடைக்க வேண்டும். அந்த மூட்டையும் அடுப்பும் போக மிச்சம் இருக்கிற நேரத்தில்தான் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும்.

பள்ளிக்கூடம் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான். மாதா கோயில் உபதேசியாரின் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களைக் கேட்டு வாங்கி வந்தாள். சுவரில் கரிபூசி ஒரு போர்டு செய்தாள். "எழுந்து நில்லு. கைகட்டு. இது இன்னா எழுத்து?" என்றாள். பிலோமினா எழுந்து நின்றாள், கைகட்டினாள், வாய் திறக்கவில்லை. இரண்டு வாரம் இப்படியே போனது. மூன்றாவது வாரம் சவுரியம்மாள் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவிக்கொண்டாள். ஓங்கின கையைப் பார்த்த பிள்ளை அடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, பாவாடையை நனைத்துவிட்டது. சவுரியம்மாள் குச்சியை முறித்து அடுப்பில் போட்டாள். அந்த வாத்தியாரை ஊரெல்லாம் திட்டிவிட்டு அவரையே வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்தது டியூஷன். டவுனில் ஒரு ரிட்டயர் ஆன குமாஸ்தா வீட்டில் சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். போனால், "பின்பக்கமா வாம்மா" என்றார். மற்றப் பிள்ளைகள் கூடத்தில் பாய் மேல், பிலோமினா கொல்லையில் தண்ணித்தொட்டி பக்கம். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் அந்த வாய் மறுபடியும் முந்திக்கொண்டது. டியூஷனும் போயிற்று.

சூசை அப்போதும் கத்தவில்லை. "உட்டுடு. நம்மளுக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று மட்டும் சொன்னான். அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், மனசு ஆறியிருக்கும்.

வழி கிடைத்தது படிப்பில் இல்லை, கோயிலில். பிலோமினாவுக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, வாங்குகிற வயது. அதற்கு முன்னால் ஞானோபதேசம் மனப்பாடம் ஆக வேண்டும். வேதத்தைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்லித் தருகிற சின்னப் புத்தகம் அது. அவர்கள் கோயிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் பக்கம் ஒரே குரலாகக் கேள்வி கேட்கும், பெண்கள் பக்கம் ஒரே குரலாகப் பதில் சொல்லும். அடுத்த ஞாயிறு பக்கம் மாறும். சவுரியம்மாளுக்கு அந்தப் புத்தகம் ஏழு வயதிலேயே இரண்டு பக்கமும் தலைகீழ்ப் பாடம். காய் உடைத்துக்கொண்டே ஒரு சாயங்காலம் அவள் கேள்வியை எடுத்து விட்டாள். முறத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்த பிலோமினா, தலையைத் தூக்காமல், கோயிலில் சொல்கிற அதே இழுவையோடு பதிலைச் சொல்லிவிட்டாள். அடுத்த கேள்விக்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும் சொன்னாள்.

சவுரியம்மாளுக்குக் கை நின்றுவிட்டது. பலகை இல்லை, எழுந்து நிற்க வேண்டியதில்லை, யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு வாய் இருக்கிறது!

"அடிப்பாவி, நான்தான் முட்டாளு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாளிலிருந்து மண்டியில் சோற்று நேரத்தில் ஒரு துண்டுப் பென்சிலோடு உட்கார்ந்து, பூகோளத்தையும் விஞ்ஞானத்தையும் வரி வரியாகக் கேள்வி பதிலாக மாற்றினாள். நம்ம ஜில்லா பேர் இன்னா? தென்னாற்காடு. அதுல ஓடற பெரிய ஆறு இன்னா? தென்பெண்ணை. செடி எதால தண்ணி குடிக்குது? வேரால. வாய்ப்பாடும் அப்படியே, காலும் அரையும் முக்காலும் அப்படியே. பிலோமினா மல்லாட்டையை எண்ணி வைத்துக்கொண்டே கணக்குச் சொன்னாள். ஒரு வாரம் தாய் கேட்பாள், மகள் சொல்வாள். மறுவாரம் பக்கம் மாறும், மகள் கேட்பாள், தாய் சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் சவுரியம்மாள் தப்புத் தப்பாகச் சொல்வாள். வேண்டுமென்று சொன்னதில்லை, நிஜமாகவே ஞாபகம் நிற்காது. "யம்மா, தப்பு" என்று சொல்லி, புத்தகத்தை எடுத்துக் காட்டி, ஏன் தப்பு என்று விளக்கிவிட்டுத்தான் பிலோமினா அடுத்த கேள்விக்குப் போவாள். எழுத்தும் தன்னாலே வந்துவிட்டது. தாயைத் திருத்த வேண்டுமென்றால் புத்தகத்தைப் படித்தாக வேண்டுமே!

மூன்று வருஷத்தில் மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று வகுப்பும் முறத்தடியில் முடிந்தன. காலனியில் சிலர் கேலி செய்தார்கள். "சவுரி காலேஜுல சீட்டு கெடைக்குமா?" என்றார்கள். கிடைக்காது என்றாள் சவுரியம்மாள், ஒரே சீட்டுதான், அதுவும் ஃபுல்லாயிடுச்சு.

வினை புதுச்சேரியிலிருந்து வந்தது. சூசையின் அக்கா லூர்தம்மாள் அங்கே வீட்டு வேலை செய்கிறவள். கெட்டவள் இல்லை. 1984 ஈஸ்டருக்கு வந்தவள், பிலோமினாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள்: "பதினோரு வயசுப் பொண்ணு ஊட்ல குந்திக்கினு காய் உடைக்குது. நான் வேலை செய்ற ஊட்ல கொழந்தையைப் பாத்துக்க ஒரு பொண்ணு கேக்கறாங்க. மூணு வேளை சோறு, நல்ல துணி. நல்ல மனுஷங்கடா. இங்க இருந்து இன்னா ஆவப் போவுது?"

 சூசை பெண்டாட்டியிடம் சொன்னான்: "ஜூன் வரைக்கும் பாப்போம். டவுன்ல கன்னியாஸ்திரீங்க இஸ்கூல்ல ஆறாவது சேத்துக்கினா படிக்கட்டும். சேத்துக்கலைன்னா அக்காகூடப் போவட்டும். நானும் எவ்ளோ நாளு பாக்கறது?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அநியாயம் என்றால் அவள் வாயே போதும்.

ஜூனில் அந்த இஸ்கூலுக்குப் போனார்கள். தலைமை சிஸ்டர் பிலோமினாவை அன்பாகத்தான் பார்த்தார். "மூணாவதோட நின்னுடுச்சு, டி.சி. இல்லை. நான் எப்படிம்மா ஆறாவதுல போடுவேன்? விழுப்புரத்துல கல்வி ஆபீஸ் இருக்கு. அங்க அதிகாரி பரீட்சை பண்ணிப் பார்த்து, ஆறாவதுக்குத் தகுதின்னு லெட்டர் குடுத்தா நான் சேத்துக்கறேன். வெள்ளிக்கிழமை அட்மிஷன் முடியுது" என்றார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் விழுப்புரம் கிளம்பினார்கள். சூசை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தான். காரணம் இல்லாமல் வரவில்லை. லூர்தம்மாளையும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருந்தான். லெட்டர் கிடைத்தால் திண்டிவனம் பஸ், கிடைக்காவிட்டால் பிலோமினா அங்கிருந்து அப்படியே புதுச்சேரி பஸ். இரண்டு நடை எதற்கு என்றான். சவுரியம்மாள் முன்னமே ஒத்துக்கொண்டாயிற்று. மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. விக்கிரவாண்டி தாண்டும்வரை பஸ்ஸிலேயே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள். பிலோமினா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சூசை பஸ் ஸ்டாண்டில் அக்காவோடு தங்கிவிட, தாயும் மகளும் ஆபீஸுக்கு நடந்தார்கள். பதினோரு மணிவரை வராந்தாவில் நிற்க வேண்டியிருந்தது. அதிகாரி பெயர் வேங்கடேசன். மூக்குக் கண்ணாடி, வெள்ளை அரைக்கை சட்டை, மேஜை கொள்ளாத பைல்கள். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு வேறு மீட்டிங் இருந்தது.

"எந்த ஸ்கூல்ல படிச்ச பொண்ணு?"

"ஊட்ல சார். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது சார்."

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பிலோமினாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் குரலில் அதட்டல் ஒன்றும் இல்லை. "பயப்படாத. இந்தியா ஏன் குடியரசு நாள் கொண்டாடுது, சொல்லு பார்ப்போம்."

பிலோமினா வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

சவுரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கேட்கிற கேள்வி வேறு. 'ஜனவரி இருபத்தாறு இன்னா நாளு?' என்றுதான் அவள் கேட்பாள். அதற்குமுன் ஆகஸ்டு பதினைஞ்சு வரும், அதற்கு முன்னால் இன்னொன்று வரும். அந்த வரிசையில் போனால் அருவி மாதிரி கொட்டுவாள். இவர் நடுவில் புகுந்து வேறு விதமாகக் கேட்கிறார்.

"சரி, போகட்டும். ஒரு செடியைப் பிடுங்கி வெயில்ல போட்டா ஏன் வாடிப் போகுது?"

'செடி எதால தண்ணி குடிக்குது?' அதேதானே, சொல்லுடி, வேருன்னு சொல்லுடி! சவுரியம்மாளின் உதடு தன்னால் அசைந்தது. கதவருகில் நின்ற பியூன், "ஏம்மா, நீ சொல்லக் கூடாது, வெளிய நில்லு" என்றான். அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள், வெளியே போகவில்லை.

"இருபத்தெட்டு கிலோவைக் கால் கிலோ பொட்டலமாக் கட்டினா எத்தனை பொட்டலம்?"

 மேஜையின் மறுபக்கத்து நாற்காலி, பேனா, அவள் முகத்தையே பார்க்கிற ஒரு பெரிய மனிதர். பிலோமினா எட்டு வயதுக்குத் திரும்பிப் போயிருந்தாள். முட்டிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அறை மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை அவள் பார்த்துக்கொண்டிருந்ததைத் தாய் பார்த்துவிட்டாள்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு பேனாவைத் திறந்தார். "அம்மா, வருத்தப்படாதீங்க. நாலாவதுல சேர்க்கலாம்னு எழுதித் தரேன். மெதுவா வரட்டும்."

நாலாவது! பதினோரு வயதுப் பெண்ணை நாலாவதில் போட அந்த இஸ்கூலில் நாலாவதே கிடையாது. ஆறிலிருந்துதான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இனி அவள் போகப் போவதும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி வண்டி நிற்கிறது. மூன்று வருஷத்து முறத்தடியும் ஒரு பேனா முனையில் வந்து நின்றது. இதில் அந்த மனிதரைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. தப்பு அவளுடையது. கோயிலில் கேள்வியும் மாறாது, வரிசையும் மாறாது. உலகத்தில் எல்லாமே அப்படித்தான் கேட்கப்படும் என்று நினைத்துப் பிள்ளையை வளர்த்துவிட்டாள். 

அந்த வாய் முந்திக்கொண்டது.

"சார், எழுதாதீங்க சார்."

பியூன் பதறிப்போய் முன்னால் வந்தான். வேங்கடேசன் பேனாவை நிறுத்தினார்.

"தப்பு எம்மேல சார். நான் கோயில்ல வேதம் சொல்லித் தர்ற மாதிரி சொல்லிக் குடுத்துட்டேன். வரிசையா கேட்டாத்தான் அதுக்கு வாய் வரும். ஆனா பொண்ணுக்கு எல்லாம் தெரியும் சார், சத்தியமாத் தெரியும்."

"பரீட்சைன்னா கேக்கறவங்க அவங்க இஷ்டப்படிதாம்மா கேப்பாங்க. உங்க வரிசைல நான் எப்படிக் கேக்க முடியும்?"

"வாஸ்தவம் சார். நீங்க கேக்க வேணாம். அது கேக்கட்டும்."

"யாரை?"

"உங்களை சார்."

பியூன் சிரித்துவிட்டான். வேங்கடேசன் சிரிக்கவில்லை. முகம் சிவந்தது. "என்னம்மா விளையாடறீங்களா? எனக்கு வேலை இல்லையா?"

"எங்க ஊட்ல ஒரு வாரம் நான் கேப்பேன், ஒரு வாரம் அது கேக்கும் சார். நான் தப்பா சொன்னா அது திருத்தும். கேக்கத் தெரிஞ்ச பொண்ணுக்குச் சொல்லத் தெரியாதா சார்? அஞ்சு நிமிஷம் உடுங்க. அதுக்கும் அப்புறம் நீங்க நாலாவதுன்னு எழுதினா, நான் ஒரு வார்த்தை பேசாம போயிடறேன்."

அவர் மணியைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தைந்து. பைல் கட்டைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "டீ வர்ற வரைக்கும். கேளு பாப்பா."

இப்போதுதான் நிஜமான பயம். பிலோமினா கேட்கவில்லை.  வாசலில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். சவுரியம்மாளால் மகளைத் தொட முடியாது, கூப்பிட முடியாது. எதிரில் ஒரு முறம் இருப்பதாக நினைத்துக்கொண்டு அவள் சும்மா தரையில் குந்திவிட்டாள். ஆபீசர் ரூமில், சிமெண்டுத் தரையில், கால் மடக்கி உட்கார்ந்துவிட்டாள். பியூனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிலோமினா திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு அவளும் குந்தினாள்.

குந்தினதும் குரல் வந்துவிட்டது.

"நம்ம ஜில்லா பேர் இன்னா?" கோயில் இழுவையோடு, தரையைப் பார்த்தபடி.

"தென்னாற்காடு" என்றார் வேங்கடேசன்.

"அதுல ஓடற பெரிய ஆறு இன்னா?"

"தென்பெண்ணை."

"அது எங்க பொறக்குது?"

"தருமபுரிப் பக்கம் மலைல" என்றார் அவர், கழுத்தை நீட்டி டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்தபடி.

"தப்பு" என்றாள் பிலோமினா.

 சவுரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, அதிகாரியைப் பார்த்துத் தப்பு என்கிறாளே! மாதாவே!

வேங்கடேசன் முன்னால் குனிந்தார். "என்ன தப்பு?"

பிள்ளை தலையைத் தூக்கிவிட்டாள். திருத்துகிற நேரத்தில் அவளுக்குப் பயம் இருக்காது, அதுதான் அவள் வழக்கம். "தருமபுரில நம்ம தமிழ்நாட்டுக்குள்ள நொழையுதுங்க சார். பொறக்கறது அங்க இல்ல. நந்தி மலைல, கர்நாடகால. எங்கம்மாவும் தப்பா இதையேதான் சொல்லும். நான் பத்து வாட்டி திருத்தியும் திரும்பத் திரும்ப தருமபுரின்னே சொல்லும்."

பியூன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வேங்கடேசன் எழுந்தார். சுவரில் தொங்கிய தேசப்படத்துக்குப் போய், "வா, காட்டு" என்றார். பிலோமினா எழுந்து போனாள். அவள் கை நந்தி மலைக்கு எட்டவில்லை. அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் ஏறி நின்று விரல் வைத்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர், விழுப்புரத்துக்குத் தெற்கே, கடலூர்க் கடல் வரை இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில் எந்த ஊரில் அணை, தண்ணீர் இல்லாத மாதத்தில் மல்லாட்டை போடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்காததையும் சொன்னாள்.

அவளை ஸ்டூலிலேயே நிறுத்திவைத்து அவர் கேட்டார். இப்போது வரிசை இல்லாமல், இஷ்டப்படி. செடி ஏன் வாடுது? பிடுங்கினா வேரு தண்ணி குடிக்காது சார், உள்ள இருக்கற தண்ணியை வெயில் எடுத்துக்கும். இருபத்தெட்டு கிலோ? நூத்திப் பன்னெண்டு பொட்டலம். எப்படி? ஒரு கிலோவுக்கு நாலு சார். குடியரசு நாளில் மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். டீ வந்து ஆறிப்போனது.

நாற்காலிக்குத் திரும்பி, புதுத்தாள் ஒன்றை எடுத்து அவர் எழுதினார். எழுதும்போது ஒரு முறை நிமிர்ந்து, "உங்க முழுப் பேர் என்னம்மா?" என்று கேட்டார். சவுரியம்மாள் சொன்னாள். ஸ்டாம்பு அடித்து, மடித்துக் கொடுத்தார். "நான் படிச்சது தருமபுரில. அதான் பிடிவாதமா வாயில வந்துடுச்சு" என்றார் பிலோமினாவிடம். 

என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற தைரியம் சவுரியம்மாளுக்கு இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டு வந்தாள்.

புதுச்சேரி பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. லூர்தம்மாள் ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு, பக்கத்து இடத்தையும் பிடித்து வைத்துவிட்டுப் படிக்கட்டருகில் நின்றிருந்தாள். "இன்னா இவ்ளோ நேரம்? பேஜாராப் போச்சு. ஜல்தி ஏறு புள்ள, கண்டக்டர் கத்தறான்" என்று பிலோமினாவின் கையைப் பிடித்தாள்.

பிலோமினா தாயைப் பார்த்தாள். லெட்டர் கிடைக்காவிட்டால் தன்னை அத்தையோடு அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சவுரியம்மாளுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, இரு" என்றான் சூசை. "லெட்டர் குடுத்தாரா?"

சவுரியம்மாள் முந்தானை முடிச்சை அவன் பக்கம் நீட்டினாள். சூசையே அவிழ்த்துத் தாளைப் பிரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு மகளிடம் நீட்டினான். "படி."

பிலோமினா ஹார்ன் சத்தத்துக்கு நடுவில் உரக்கப் படித்தாள். "மேற்படி மாணவி மூன்றாம் வகுப்புக்குப்பின் எப்பள்ளியிலும் பயிலாமல், தன் தாயார் திருமதி சவுரியம்மாள் அவர்களிடம் வீட்டிலேயே கல்வி கற்று வந்துள்ளார். என்னால் நேரில் சோதிக்கப்பட்டதில் ஆறாம் வகுப்புக்கு முழுத் தகுதி உடையவர்."

"அந்த முன்னாடி வந்துச்சே, அம்மா பேரு. அதை இன்னொரு வாட்டி படி" என்றான் சூசை.

"திருமதி சவுரியம்மாள் அவர்களிடம்."

அவர்கள் வீட்டில் யார் பேருக்கும் முன்னால் அப்படி ஒன்றை யாரும் எழுதினதில்லை. மண்டிச் சீட்டில் சவுரி, ரேஷன் கார்டில் சூசை பெண்டாட்டி.

"அவங்க கேட்டா நான் இன்னாடா பதில் சொல்றது?" என்றாள் லூர்தம்மாள். "பொண்ணு வருதுன்னு சொல்லிட்டு வந்துக்கிறேனே!"

சூசை அக்காவின் கையிலிருந்து மகளின் கையை எடுத்துவிட்டான். "நீ ஏறு அக்கா. வண்டியை எடுக்கப் போறான்" என்றான்.

சவுரியம்மாள் அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து, மூன்று வருஷமாக அழாத அழுகையை அழுதாள்.